அறுந்தா அக்கா

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள் மேல் இல்லை. அவள் மேல் வந்த கோபமெல்லாம் அன்றன்றைக்கே தீர்ந்துபோன சில்லறைக் கோபம். இது வேறு. இது இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. ஆபீசில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அறுந்தா வந்துட்டாளா?" என்றுதான் கேட்பார்கள். அவள் எதைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி, 'அறுந்தா?' என்பது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவில் ஒரு இழை அறுந்தால் அப்போதே பார்த்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறை புடவை முழுக்க ஓடும் என்பதைப் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தெரிந்துகொண்டவள். அதனால் எது நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. "சரி, அறுந்தா?" என்பாள்.

எழுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து போர்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரில் யாராவது மெட்ராஸுக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு வந்தவள். அவள் கணக்கில் பி.எஸ்ஸி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே போர்டில் கம்பி செருகுகிற வேலையா என்று யாராவது கேட்டால், "வேற எங்க செருகச் சொல்ற?" என்று கேட்பாள்.

அவளைப் பெண் பார்க்க ஒரு முறை வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெரிய ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிற வேலை. கடை நிலைத்த கடை, முதலாளி தங்கமானவர் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிக்கொண்டே போனாராம். காப்பித் தட்டோடு நின்ற அக்கா, "கடைய மூடிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். காப்பி பாதியில் நின்றது. "இன்னாம்மா இது, அபசகுனமா பேசுது பொண்ணு" என்று எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவளுக்கு வருத்தமே இல்லை. "போனாங்க, போவட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள்.

இதையெல்லாம் நாங்கள் கிண்டலாகத்தான் எடுத்துக்கொண்டோம், ஒரு மழைநாள் வரைக்கும்.

அன்று காலையிலிருந்தே காற்றும் மழையும். மதியம் ஒருவர் நனைந்தபடி கவுண்டருக்கு வந்தார். மனைவிக்குப் பிரசவம், நிலைமை மோசம், மெட்ராஸில் இருக்கிற பெரிய டாக்டரைக் கேட்டுச் செய்யலாம் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார், உடனே லைன் வேண்டும் என்றார். அக்கா மெட்ராஸ் லைனைப் போட்டாள். செத்துக் கிடந்தது. எங்கள் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். மெட்ராஸ் லைன் போனால் அரக்கோணம் வழியாகப் போகலாம் என்று அதில் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கும். அக்கா அரக்கோணத்தைப் போட்டாள். அதுவும் செத்துக் கிடந்தது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த மனிதர் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றார். பொழுது சாயும்போது அவரைத் தேடி வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் லைன்மேன் வந்து சொன்னார், ஊர் எல்லையில் ஒரு கம்பம் சாய்ந்துவிட்டதாம். அக்கா அவரை விடவில்லை.

"மெட்ராஸ் லைன் கம்பமா, அரக்கோணம் லைன் கம்பமா?"

"ரெண்டும் ஒரே கம்பந்தாம்மா. ஊரைத் தாண்டற வரைக்கும் ஒண்ணாத்தான் போவுது. அப்பால பிரியும்."

அக்கா சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினாள். "ரெண்டு வழின்னு சொல்லி ரெண்டு கோடு போட்டு வெச்சிருக்கானே ஒருத்தன், அவன் எங்கடி இருக்கான்? இதைப் படிச்சுட்டு வந்துதான போட்டிருப்பான்? எந்தப் புக்கைப் படிச்சான்?" என்றாள். லைன் கிடைத்திருந்தாலும் அந்தப் பெண் பிழைத்திருப்பாளா என்று யாருக்குத் தெரியும் என்று சூப்பர்வைசர் சமாதானமாகச் சொன்னார். அக்கா அவரிடம் அதற்கப்புறம் ஒரு வாரம் பேசவில்லை.

அந்த வருடமே ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்னொரு ஊரில் இருக்கும் கம்ப்யூட்டரோடு டெலிபோன் கம்பி வழியாகப் பேசப் போகிறது, அதற்கான நெட்ஒர்க்கை வடிவமைக்க ஆட்களைப் பயிற்சிக்கு எடுக்கிறோம், பட்டம் வாங்கிய ஊழியர்கள் பரீட்சை எழுதலாம் என்று. கம்ப்யூட்டரை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அக்கா அறிவிப்பை இரண்டு தரம் படித்தாள். "கோடு போடற வேலைடி இது" என்றாள். அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டாள்.

என்ன படிக்க வேண்டும் என்று அறிவிப்பில் ஒரு வரி கிடையாது. சூப்பர்வைசர் ஒரு கைடு கொண்டுவந்து கொடுத்தார். கேள்வியும் பதிலுமாக அச்சடித்தது. எங்கள் ஆபீசில் பரீட்சைக்குப் போட்டிருந்த இன்னொரு பட்டதாரி அதை வாங்கி அன்றே மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிட்டார். அக்கா கைடைப் பின்னாலிருந்து பிரித்தாள். அவள் எந்தப் புத்தகத்தையும் முன்னாலிருந்து பிரித்து நான் பார்த்ததில்லை. ஆங்கிலப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் போட்டிருப்பார்களே, அங்கேதான் முதலில் போவாள். 'ஃபெயிலியர்' என்ற சொல் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுவாள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படிப்பாள். இல்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுவாள். கைடில் அந்த வரிசையே இல்லை. மேஜையில் போட்டாள்.

"எல்லாம் நல்லா நடந்தா இன்னா ஆவும்னு இவன் எழுதியிருக்கான். நல்லா நடந்தா எனக்கு எதுக்கு புக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போவாள். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளில் நின்றபடியே மதியம் கழியும். எனக்குக் கால் வலிக்கும், பசிக்கும், எரிச்சல் வரும். கம்ப்யூட்டர் படம் அட்டையில் போட்ட பளபளப்பான புத்தகத்தைக் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அதைத் தொடக்கூட மாட்டாள். "மெஷினைப் பத்தின புக்கு இப்ப வேணாம். அந்த மெஷினு நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள பழசாயிடும்" என்பாள். அவள் முதலில் வாங்கியது கூட்டத்தைப் பற்றிய புத்தகம். இத்தனை பேர் பேச வருவார்கள், இத்தனை லைன்தான் இருக்கிறது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று போடுகிற கணக்கு. "இது நம்ம போர்டு கணக்குடி, தினம் நாமளே போடறோம், எழுதத்தான் தெரியாது" என்றாள். அடுத்தது புள்ளிகளும் கோடுகளுமாக வழி கண்டுபிடிக்கிற கணக்குப் புத்தகம். கம்ப்யூட்டர் என்ற சொல்லே இல்லாத புத்தகம் இரண்டும். கடைக்காரர், "இன்னாமா, பரீட்சை கம்ப்யூட்டருன்ற, வாங்கறது இந்த புக்கா?" என்று சிரித்தார். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"மொதல்ல கூட்டம், அப்பால வழி, கடைசியாத்தான் மெஷினு" என்றாள் அக்கா. அந்த வரிசையை யார் சொல்லியும் மாற்ற மாட்டாள்.

மூன்றாவதாக ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. முதல் இரண்டையும் சேர்த்து உண்மையான ஊர்களுக்கு நடுவில் நெட்ஒர்க் போடக் கற்றுக்கொடுக்கிற புத்தகம். அப்படி ஒன்று வெளிநாட்டில் வந்திருக்கிறது என்று அவள் வாங்கிய புத்தகத்தின் பின்பக்கத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய கடையில் போய்க் கேட்டோம். கடை ஊழியர் சீட்டைப் பார்த்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரே காப்பிதாங்க வந்தது. அது உங்க ஊருக்குத்தான் போயிருக்கு. காஞ்சிபுரத்துல நெசவாளர் சொசைட்டியிலேர்ந்து வந்தவங்க, டிசைன் புக்கு எல்லாம் குடுன்னு மொத்தமா எடுத்துட்டுப் போனாங்க. அதுல இதுவும் போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புத்தகத்தின் தலைப்பில் நெட்ஒர்க் என்று ஒரு சொல், டிசைன் என்று ஒரு சொல். எங்கள் ஊரில் டிசைன் என்றால் புடவையில் போடுவது. வேறு அர்த்தம் யாருக்கும் கிடையாது. நெட் என்றால் வலை. வலை மாதிரி நெய்கிற புது டிசைன் என்று வாங்கி வந்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்தாள். சந்தோஷமாக இருந்தாள் பாவம். "நல்லதாப் போச்சு, நடந்தே போய் வாங்கிக்கலாம்" என்றாள்.

சொசைட்டி செக்ரட்டரி எங்களை உட்காரச் சொன்னார், சோடா வாங்கிக் கொடுத்தார். புத்தகம் கண்ணாடி பீரோவில் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டு தொங்கியது.

"டிசைன் புக்கு வெளிய தர்றதில்லம்மா. ஒருத்தர் பாத்துட்டா அடுத்த தெருவுல மறுநாளே நெய்ஞ்சிடுவான்."

"இது புடவை டிசைன் இல்லீங்க. டெலிபோன் லைன்ல கம்ப்யூட்டர் பேசற சமாச்சாரம்" என்றாள் அக்கா.

"டிசைன்னு அட்டையிலயே போட்டிருக்குதே. உள்ள கட்டம் கட்டமா, பூ பூவா படம் இருக்குது. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா?"

"அந்தப் படம் பூவு இல்லீங்க. ஊருங்க."

அவர் முகம் மாறியது. தப்பான புத்தகம் வாங்கிவிட்டோம் என்று அவருக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது என்பேன். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் சொசைட்டிக் காசில் ஏன் வாங்கினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். "கம்ப்யூட்டர்ன்ற, அதுவும் அட்டையில ஓட்டை போட்டுத்தான ஓடுது? நம்ம தறியில டிசைனுக்குப் போடற அட்டை மாதிரி? எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் பெருந்தன்மையாக.

"ஓட்டை இருக்கறதெல்லாம் ஒண்ணுன்னா சல்லடையும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

அத்தோடு சோடா மரியாதை முடிந்தது. நீ மெம்பரா என்றார். மெம்பர் என்றால் தறி தன் பெயரில் இருக்க வேண்டும். அவள் அப்பா போன பிறகு தறி அண்ணன் பெயருக்குப் போயிருந்தது. அந்தத் தறிக்கு இழை முடிந்து முடிந்து வளர்ந்த விரல்கள் இவளுடையவை, மெம்பர் மட்டும் அண்ணன். சரி என்று அண்ணனிடம் போனோம். நீ கேட்டால் கொடுப்பார் என்றோம். அண்ணன் தறியிலிருந்து இறங்கவேயில்லை.

"பாவும் ஜரிகையும் குடுக்கறவரு அவரு. ஒரு புக்குக்காவ அவராண்ட வாயக் குடுத்துட்டு நான் சும்மா உக்காரணுமா?"

அக்கா திரும்பி நடந்தாள். வெளியே வந்ததும், "பாத்தியா, இங்கயும் ஒரே கம்பந்தான்" என்றாள். அதன் பிறகு அந்த செக்ரட்டரியோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குப் பேசாமலிருப்பது கோபத்தின் உச்சம்.

இரண்டு புத்தகங்களை மட்டும் படித்துப் பரீட்சை எழுதினாள். தேறினாள். நேர்முகத் தேர்வுக்கு மெட்ராஸில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒருவர் அந்த மூன்றாவது புத்தகத்தைத்தான் கேட்டிருக்கிறார். படித்தீர்களா என்று.

"எங்க ஊர்ல இருக்குதுங்க. புடவை டிசைன்னு சொல்லி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க."

உள்ளேயிருந்து வந்த சிரிப்பு எனக்கு வெளியே கேட்டது. கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். படித்தேன் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பிறகு கரும்பலகையில் ஒரு நெட்ஒர்க் படம் போட்டு விளக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் பார்த்துவிட்டு, "இது அறுந்தா?" என்று கேட்டிருக்கிறாள். அது பழுது பார்ப்பவர்கள் வேலை, நாம் வடிவமைப்பு மட்டும்தான் என்றாராம் நடுவில் இருந்தவர். "அப்படிப் பிரிச்சு வெச்சதாலதான் எங்க ஊர்ல ஒருத்தி செத்தா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கைடு படித்தவர் தேர்வானார். மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டு வந்தேன் என்று அவரே ஆபீசில் லட்டு கொடுத்தார். நான் வாங்கவில்லை. அக்கா வாங்கித் தின்றாள். "லட்டு இன்னாடி பண்ணுச்சு" என்றாள்.

இதோடு விட்டிருந்தால் கூட எனக்கு ஆறியிருக்கும். சில மாதம் கழித்து சொசைட்டியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். டிசைன் எடுத்தாயிற்று, புடவை கடைக்கு வந்துவிட்டது, இனிமேல் ரகசியம் இல்லை, அந்தப் பொண்ணு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று. நான்தான் போய் வாங்கி வந்தேன். அக்கா போர்டில் உட்கார்ந்தபடியே அதைப் பின்னாலிருந்து பிரித்தாள். விரலை வைத்தாள். ஃபெயிலியர் இருந்தது. அதற்குக் கீழே அடுக்கடுக்காகப் பக்க எண்கள் இருந்தன. இத்தனை நாள் எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு எண்களை நாங்கள் பார்த்ததில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. முதல் எண்ணுக்குப் பக்கத்தைத் திருப்பினாள். அந்தத் தாள் இல்லை. பிளேடால் ஓரமாக, நேர்த்தியாக வெட்டி எடுத்திருந்தார்கள். படம் இருந்த தாள். டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட தாளில் ஒட்டி வரைய வெட்டிக்கொண்டாராம்.

நான் அழுதேன். அவள் போர்டில் வந்த அழைப்பை எடுத்து, நம்பர் கேட்டு, லைன் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்து வந்த முகூர்த்தத்தில் எனக்குக் கல்யாணம். அந்தப் புடவைதான் ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பூவேலைக்கு நட்சத்திரப் புட்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். என் அம்மாவும் சொசைட்டிக் கடையில் அதையே எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு விஷயமே மணவறைக்கு உடுத்தும்போதுதான் தெரிந்தது. அரக்கு நிறம், முந்தானையில் ஜரிகையில் பெரிது பெரிதாக அந்தப் பூக்கள். நடுவில் ஒரு பெரிய வட்டம், அதிலிருந்து சுற்றிலும் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்ன வட்டம். அதைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் எப்படி நிற்பது?

தாலி கட்டி முடிந்ததும் அக்கா மேலே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்துக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டாள். விரலை நடு வட்டத்தில் வைத்து ஒவ்வொரு கோடாக ஓட்டினாள்.

"எல்லாம் நடுவுல வந்துதான் போவுது. இது அறுந்தா ஒரு ஊருக்கும் ஒரு ஊருக்கும் பேச்சு கிடையாது" என்றாள். "இப்படிப் போடக்கூடாதுன்னு காட்டறதுக்காவ போட்ட படம்டி இது. அழகா இருக்குதுன்னு இதை நெய்ஞ்சிருக்கானுங்க. சரியான படம் அந்தத் தாளுக்குப் பின்பக்கம் இருந்திருக்கும்."

"அதை ஏன் நெய்யலக்கா?"

"கோணலா இருந்திருக்கும். எவன் கட்டுவான் அதை?"

பையிலிருந்து என் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள். அதைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் அதே சின்ன வட்டங்களைப் போட்டாள். நடு வட்டம் போடவில்லை. பக்கத்துப் பக்கத்து வட்டங்களை இணைத்தாள், குறுக்கே சிலதை இணைத்தாள். எந்த ஒன்றை விரலால் மறைத்தாலும் மீதி எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. வெட்டிப்போன பக்கத்தை அவள் தானே வரைந்துகொண்டாள். என் கையில் திணித்தாள்.

"செக்ரட்டரி மேல வருவாரு. நான் அவராண்ட பேச மாட்டேன். நீ குடு. அடுத்த பார்டருக்கு இதைப் போடச் சொல்லு."

அவர் முன்வரிசையில், சந்தனம் பூசிக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லார் உடம்பிலும் தன் டிசைன் என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம் செய்ய மேலே வந்தார். தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"புது டிசைனுங்க. அக்கா போட்டது."

"நல்லாத்தான் இருக்குது. நடு எங்க?"

"நடு இல்லீங்க. எது அறுந்தாலும் மத்ததெல்லாம் பேசிக்கினே இருக்கும்."

"நடுவே இல்லாம ஒரு டிசைனாம்மா? யாரு கட்டுவாங்க?" என்று சிரித்தபடி, ஆசீர்வாதம் செய்கிற கையாலேயே தாளைத் திருப்பித் தந்தார்.

தாலிக்கயிற்றின் மஞ்சள் ஈரம்கூட உலராத கழுத்து. பக்கத்தில் மாப்பிள்ளை, கீழே மாமியார், எதிரே போட்டோக்காரர். எனக்கு யாரும் கண்ணில் படவில்லை.

"அதான் நடுவுல நீங்க உக்காந்துக்கினு இருக்கீங்களே" என்றேன்.